ஓர் ஊசிக்கு அஞ்சும் டாக்டர்கள்

சிபிலிஸைத் தீர்க்க எண்பது ஆண்டுப் பழைய மருந்து ஒன்று போதும். அந்த மருந்தைக் கையில் எடுக்கவும், எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கவும் முதல்நிலை டாக்டர்களைப் பழக்குவதுதான் இன்னும் முடியாத வேலை.

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. சந்துக்குச் சந்து ஒரு கிளினிக். சின்ன அறை, ஒரு மேஜை, குறுக்கே ஒரு திரை, வாசலில் ஒரு பெஞ்சு. பலகையில் டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். என்று இருக்கலாம். பி.ஏ.எம்.எஸ்., பி.எச்.எம்.எஸ்., பி.யூ.எம்.எஸ். என்றும் இருக்கலாம். ஆயுர்வேதமோ, ஹோமியோபதியோ, யுனானியோ படித்தவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே வாழும் தமிழர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. காய்ச்சலோ இருமலோ வந்தால் போவது பக்கத்துத் தெரு டாக்டரிடம். அவர் பார்த்துவிட்டு இரண்டு நாளைக்கான மாத்திரையைப் பொட்டலம் மடித்துக் கொடுப்பார். கட்டணத்துக்குள் மருந்தும் அடக்கம்.

அதே பெஞ்சில் கூட்டம் கலையும்வரை காத்திருப்பவர்களும் உண்டு. கடைசி ஆளாக உள்ளே போய், "உடம்பு ரொம்பச் சூடாயிருக்கு, டாக்டர்" என்பார்கள். தமிழருக்குச் சூடு, இந்தி பேசுபவருக்குக் கர்மி. இரண்டு சொல்லுக்கும் வெளிப்படையான பொருள் ஒன்று, மறைபொருள் ஒன்று. 'கர்மி' என்பது வடக்கே சிபிலிஸுக்கே பழைய பெயர். தமிழிலோ இதைச் சுற்றி ஓர் அகராதியே இருக்கிறது: வெட்டை, மேகம், கிரந்தி, பறங்கிப்புண். டாக்டருக்கு மொழி தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் மேற்கொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தால், 'சூடு' சூடாகவே முடிந்துவிடும். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வைட்டமின், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஓர் அறிவுரை.

பறங்கிப்புண் என்ற பெயரில் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' என்ற ஆயுர்வேத நூலில் இது 'பிரங்க ரோகம்'. பிரங்கர் என்றால் பறங்கியர், ஐரோப்பியர். போர்த்துகீசியர் கப்பலில் வந்த நோய் என்பது அந்நாளைய முடிவு. மாஹிம் தீவும் 1534ல் போர்த்துகீசியர் கைக்குப் போனது என்பது கூடுதல் தகவல். சித்த வைத்தியர்கள் இதற்குக் கொடுத்த கிழங்கும் பறங்கிப்பட்டை ஆயிற்று. எந்த நாடும் இந்த நோயைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதில்லை. பிரெஞ்சுக்காரர் அதை நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள்.

நோய்க்குக் காரணம் 'ட்ரெபோனிமா பாலிடம்' என்ற சுருள் வடிவ பாக்டீரியா. 1905ல் ஜெர்மனியில் ஷௌடினும் ஹாஃப்மனும் அதைக் கண்டுபிடித்தார்கள். தொற்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். வலிக்காது என்பதே அதன் சூழ்ச்சி. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், மருந்தே போடாவிட்டாலும் தானாக ஆறிவிடும். இடையில் டாக்டர் எதைக் கொடுத்திருந்தாலும், களிம்போ, கஷாயமோ, பி காம்ப்ளக்ஸோ, புண்ணை ஆற்றிய பெருமை அதற்குப் போய்ச் சேரும். டாக்டரும் நம்புவார், நோயாளியும் நம்புவார்.

சில வாரம் அல்லது சில மாதம் கழித்து உடம்பில் தடிப்புகள் தோன்றும். பெரும்பாலும் அரிக்காது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வந்தால் எந்த டாக்டருக்கும் மனதில் மணி அடிக்க வேண்டும். ஆனால் தோலில் எது வந்தாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீட்டும் பழக்கம் நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. ஆசனவாய் ஓரத்தில் வரும் ஈரமான தடிப்புகளை மூலம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. தலைமுடி பூச்சி அரித்ததுபோல் திட்டுத்திட்டாக உதிரும். இதுவும் தானாக அடங்கிவிடும். பிறகு நோய் ரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும். ஆண்டுக்கணக்கில், சிலருக்குப் பத்து முப்பது ஆண்டுகள்கூட மௌனம். சிகிச்சை பெறாதவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடைசியில் இதயத்தையும் மகாதமனியையும் மூளையையும் அது பிடிக்கிறது. கண்ணையும் நரம்பையும் தாக்க அது கடைசிக் கட்டம்வரை காத்திருப்பதும் இல்லை.

இத்தனை வேஷம் போடும் நோயைத் தீர்ப்பது எளிது என்பதுதான் விசித்திரம். 1943ல் அமெரிக்காவில் ஜான் மஹோனியும் சகாக்களும் நான்கு நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். அதற்கு முன் இருந்தது பாதரசமும், 1910ல் வந்த ஆர்சனிக் மருந்தும். பெனிசிலினின் நீடித்த வடிவமான பென்சதைன் பெனிசிலினை 24 லட்சம் யூனிட் அளவில் இடுப்புத் தசையில் ஒரே முறை போட்டால் ஆரம்பகட்ட சிபிலிஸ் தீர்ந்தது. நோய் பழையதாக இருந்தால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளை வென்றுவிட்டன. சிபிலிஸ் கிருமி பெனிசிலினை இன்னும் வெல்லவில்லை. புனே அருகே பிம்ப்ரியில் 1954ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் முதலில் தயாரித்ததும் பெனிசிலினைத்தான். மும்பைக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்கு.

இருந்தும் நம் நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் அந்த ஊசிக்கு இடமில்லாமல் போய்விட்டது. காரணம் ஒரே சொல்: பயம். பெனிசிலின் ஒவ்வாமையால் நோயாளி மேஜையிலேயே சுருண்டு விழுந்து இறந்தார் என்ற கதையை ஒவ்வொரு டாக்டரும் மாணவப் பருவத்தில் கேட்டிருப்பார். அப்படி நடக்கும் என்பது உண்மை. எவ்வளவு அடிக்கடி என்பதைக் கதை சொல்வதில்லை. முடக்குக் காய்ச்சலுக்காக இதே ஊசியை மாதாமாதம் போட்டுக்கொண்ட 1,790 பேரைப் பல நாடுகளில் கவனித்து 1991ல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 32,430 ஊசிகள். கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டது நான்கு தடவை, இறந்தவர் ஒருவர். ஏறக்குறைய பத்தாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற கணக்கு. அந்த ஒன்று தன் கிளினிக்கில் நடந்தால் மறுநாள் வாசலில் கூட்டம் நிற்கும் என்று டாக்டர் நினைப்பதையும் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தால் அது சிக்கல். சந்து கிளினிக்கில் நடந்தால் அது கொலைப்பழி.

ஆகவே பயிற்சி என்றால் பாக்டீரியாவின் படத்தைத் திரையில் காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வாமை வந்தால் தொடையின் பக்கவாட்டுத் தசையில் உடனே அட்ரினலின் போட வேண்டும் என்பதைக் கைப்பழக்கமாக்க வேண்டும். அந்த ஆம்ப்யூல் மேஜை இழுப்பறையில் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்க்க வைக்க வேண்டும். ஊசி போட்டவரை அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். மருந்து சுண்ணாம்புப் பால்போல் கெட்டியாக இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய்க்குள் தவறியும் போகக் கூடாது. அளவைப் பாதி பாதியாக இரண்டு பக்கமும் போட்டால் வலி குறையும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடியும் இந்தச் சங்கதிகள் ஒரு டாக்டரின் கை நடுக்கத்தைத் தீர்மானிக்கின்றன.

இன்னொரு குழப்பம் ஊசிக்குப் பிறகு வருகிறது. கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது, முதல் 24 மணி நேரத்துக்குள் சிலருக்குக் காய்ச்சல், குளிர், தலைவலி வரும். யாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் என்ற இரண்டு டாக்டர்களின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இது ஒவ்வாமையே அல்ல, ஒரு நாளில் போய்விடும். ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி மறுநாள் வந்து "ஊசி ஒத்துக்கலை" என்பார். டாக்டர் சீட்டில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதிவிடுவார். அந்த மனிதருக்கு ஆயுள் முழுக்க அந்த மருந்து கிடைக்காது.

ஊசியைத் தவிர்ப்பவர் எழுதுவது மாத்திரை. அசித்ரோமைசின் கைக்கு எளிது, ஒரே வேளை, யாரும் மயங்கி விழமாட்டார்கள். உலகின் பல பகுதிகளில் சிபிலிஸ் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விட்டது என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. டாக்சிசைக்ளின் வேலை செய்யும்தான். ஆனால் 14 நாள், தினம் இருவேளை தவறாமல் சாப்பிட வேண்டும். இரண்டு நாள் பொட்டலத்தில் பழகிய நோயாளிக்கு அது நீண்ட வழி. கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கவும் கூடாது.

அரசு இதற்கு வழி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007ல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், பால்வினை நோய்களுக்கு நிற நிறமான மருந்துப் பெட்டிகள் வந்தன. நோயின் பெயரைத் தேடாமல் அறிகுறியைப் பார்த்துப் பெட்டியை எடுக்கலாம். சீழ் வடிந்தால் சாம்பல் நிறம், புண் என்றால் வெள்ளை, பெனிசிலின் ஆகாதவருக்கு நீலம், கொப்புளமாக வந்தால் சிவப்பு. அரசு ஆஸ்பத்திரிகளின் பால்வினை நோய்ப் பிரிவுகள் 'சுரக்ஷா கிளினிக்' ஆயின. தனியார் டாக்டர்கள் சிலரும் பயிற்சி கொடுத்துச் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 1995ல் தொடங்கிய ஏபாக் திட்டம் தனியார் டாக்டர்களைப் பால்வினை நோய்ப் பயிற்சிக்கு அழைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்நோய்களுக்கெனத் தனி நிறுவனமே உண்டு.

நிறப்பெட்டி நல்ல யோசனைதான். அவசரத்தில் மறக்காது, ஆய்வுக்கூடம் இல்லாத இடத்திலும் உதவும். சிபிலிஸிடம் மட்டும் அது பாதிதான் பலிக்கும். வெள்ளைப் பெட்டிக்குள் பெனிசிலின் ஊசியும் அசித்ரோமைசினும் சேர்ந்தே இருக்கும். ஊசி சிபிலிஸுக்கு, மாத்திரை சாங்கிராய்டு என்ற வேறொரு புண்ணுக்கு. ஊசியை ஒதுக்கிவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிபிலிஸுக்கு மருந்து கொடுத்ததாகவே ஆகாது. மேலும் புண் ஆறிய பிறகு, தடிப்பும் அடங்கிய பிறகு எந்த அறிகுறியைப் பார்த்து எந்த நிறத்தை எடுப்பது? அப்போது ரத்தம்தான் பேச வேண்டும்.

ரத்தப் பரிசோதனையைப் படிக்கவும் பயிற்சி தேவை. வி.டி.ஆர்.எல். என்ற சோதனை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் புண் வந்த முதல் வாரத்தில் 'இல்லை' என்று சொல்லக்கூடும். தொழுநோய், மலேரியா, லூபஸ் போன்றவற்றில் 'உண்டு' என்று பொய் சொல்லக்கூடும். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனை நோயை உறுதிப்படுத்தும். ஆனால் பெரும்பாலோருக்கு ஒருமுறை வந்த 'உண்டு' குணமான பிறகும் ஆயுளுக்கும் மாறாது. இது தெரியாத டாக்டர் குணமான ஆளுக்குத் திரும்பத் திரும்ப மருந்து எழுதுவார். வளைகுடா வேலைக்கு மருத்துவச் சோதனைக்குப் போய் இந்த 'உண்டு' என்ற முத்திரையோடு திரும்பும் இளைஞனுக்கு இதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

பயிற்சி கொடுத்தால் பலன் இருக்குமா? தாராவியைப் பொறுத்தவரை இதற்குச் சங்கடமான சாட்சி ஒன்று இருக்கிறது. அது சிபிலிஸ் பற்றியதல்ல, காசநோய் பற்றியது. தாராவியின் தனியார் டாக்டர்கள் காசநோய்க்கு என்ன எழுதுகிறார்கள் என்று முகுந்த் உப்லேகர் ஆராய்ந்து 1991ல் வெளியிட்டார். நூறு டாக்டர்கள், 80 வகை மருந்துச் சீட்டு. மாஹிமில் கடலோரம் இருக்கும் ஹிந்துஜா ஆஸ்பத்திரியின் டாக்டர் ஜரீர் உத்வாடியா, உப்லேகரையும் சேர்த்துக்கொண்டு, இருபதாண்டு இடைவெளியில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். 2010ல் வந்த முடிவு: 106 டாக்டர்கள், 63 வகைச் சீட்டு. அந்த இருபதாண்டில் தேசியத் திட்டம் வந்தது, வழிகாட்டி நூல்கள் வந்தன, கருத்தரங்குகள் நடந்தன. 80 என்பது 63 ஆனது. எல்லோரும் பேசும் காசநோய்க்கே இந்தக் கதி என்றால், யாரும் பேசாத நோய்க்கு எத்தனை சீட்டு என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

சொற்பொழிவு போதாது என்றால் வேறென்ன? செம்பூர் பக்கம் தேவ்நாரில் இருக்கும் மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தோடும் பாப்புலேஷன் கவுன்சிலோடும் சேர்ந்து, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் 'ரிஷ்தா' என்ற திட்டத்தை நடத்தினார்கள். ரயில் நிலையச் சுவர்களில் 'குப்த ரோக்' என்று ஒட்டியிருக்குமே, அந்த மறைநோயையே ஆய்வுப் பொருளாக எடுத்தார்கள். ஆண்கள் சொன்ன குறைகளில் பெரும்பங்கு கிருமித் தொற்றே அல்ல. பலவீனம், தாது நஷ்டம், சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்ற கவலைகள். 'தாத்' மனக்குறைக்கு 1960லேயே மருத்துவப் பெயர் சூட்டியவர் மனநல மருத்துவர் என்.என். விக். இந்தக் கவலைகளோடு ஆண்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தெரு டாக்டரிடமும் வைத்தியரிடமும் போகிறார்கள்.

ரிஷ்தா குழு அந்த வைத்தியர்களை ஒதுக்கவில்லை. அலோபதி, ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானி என்று பாராமல் பயிற்சிக்கு அழைத்தது. பாக்டீரியா பாடத்தைவிட, நோயாளி சொல்லும் குறையைப் பிடித்துக்கொண்டு அவர் வாழ்க்கைக்குள் போவதைக் கற்றுக்கொடுத்தது. பலவீனம் என்று வந்தவரிடம் மனைவியைப் பற்றியும், குடியைப் பற்றியும், வெளியே போகும் பழக்கம் உண்டா என்றும் அவமானப்படுத்தாமல் கேட்பது எப்படி? ஆண் நோயாளியிடம் கேட்கவே நாக்கு எழாத டாக்டர் அவர் மனைவியிடம் எப்படிக் கேட்பார்? என் கணிப்பில் மொத்தப் பயிற்சியிலும் கடினமான பாடம் இதுதான். ஊசி போடக் கற்றுக்கொள்வது அதைவிட எளிது.

ஆயுர்வேதமும் ஹோமியோபதியும் படித்தவர்களுக்கு அலோபதி ஊசியைக் கற்றுக்கொடுக்கலாமா என்று மருத்துவச் சங்கங்கள் கேட்கும். கேட்பதில் நியாயமும் உண்டு. ஓராண்டு மருந்தியல் படிப்பு முடித்த ஹோமியோபதி டாக்டர்கள் நவீன மருந்து எழுதலாம் என்று மகாராஷ்டிரம் 2014ல் சட்டத்தைத் திருத்தியது. வழக்கும் வாதமும் ஓய்ந்தபாடில்லை. ஊசியை அவர்கள் போட வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளங்கைத் தடிப்பைக் கண்டதும் களிம்பை மூடி வைத்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொல்வதற்கும், 'சோட்டா சயான்' என்று தாராவிக்காரர்கள் அழைக்கும் மாநகராட்சி சுகாதார மையத்துக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ சீட்டு எழுதி அனுப்புவதற்கும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

அவசரம் எங்கே என்றால் கர்ப்பிணிகளிடத்தில். சிபிலிஸ் தாயிடமிருந்து கருவுக்குப் போகும். கருச்சிதைவு, இறந்தே பிறப்பது, பிறந்து சில நாளில் சாவது, பிழைத்தால் கண்ணும் காதும் எலும்பும் பழுதாவது எல்லாம் நேரும். கர்ப்பிணிக்குப் பெனிசிலின் ஒன்றே மருந்து. பிரசவத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். தாராவித் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வழக்கம். மாஹிமில் எடுத்த ரத்தத்தின் முடிவு திருநெல்வேலிக்குக் கூடவே போக வேண்டும். அங்கே ஊசி போட்டால் அந்தச் செய்தி இங்கே இருக்கும் கணவனுக்கு வர வேண்டும். அவனுக்கும் சிகிச்சை நடக்காவிட்டால் குழந்தையோடு திரும்பும் பெண்ணுக்கு மறுபடி தொற்றும்.

இது ஏழை நாட்டு நோய் என்று நினைத்தால் அமெரிக்கக் கணக்கைப் பார்க்கலாம். அங்கே 2022ல் பிறவி சிபிலிஸ் 3,761. பத்தாண்டுக்கு முன் இருந்ததைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதை உரிய நேரச் சோதனையும் சிகிச்சையும் தடுத்திருக்கும் என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமே சொன்னது. அந்த ஆண்டில் உலகெங்கும் 15 முதல் 49 வயதுவரை 80 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மாறாக, நமக்கு அடுத்த இலங்கை 2019 டிசம்பரில் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று அதே நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது. இதை முதலில் சாதித்த நாடு கியூபா, 2015ல். பணம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை என்று தெரிகிறது.

மருந்துக்கும் ஒரு தொல்லை உண்டு. விலை குறைவு என்பதால் பென்சதைன் பெனிசிலினைத் தயாரிக்க நிறுவனங்களுக்கு ஆசையில்லை. விற்பனைப் பிரதிநிதி எவரும் அதைப் பற்றிப் பேச டாக்டர் வாசலில் காத்திருப்பதில்லை. அவர் கொண்டுவரும் பையில் புதிய, விலை கூடிய மருந்துகள் இருக்கும். சந்து டாக்டருக்கு வகுப்பு முடிந்தபின் கிடைக்கும் மருந்துக் கல்வியில் பெரும்பகுதி அந்தப் பையிலிருந்து வருவதுதான். 2014க்கும் 2016க்கும் இடையே உலகின் பல நாடுகளில் இந்த ஊசிக்குத் தட்டுப்பாடே வந்தது.

ஊசி போட்டதோடு கணக்கு முடிவதில்லை. ஆறு மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் வி.டி.ஆர்.எல். திரும்பப் பார்க்க வேண்டும். 1க்கு 64 என்றிருந்தது 1க்கு 16 ஆகவோ அதற்குக் கீழேயோ இறங்கியிருந்தால் மருந்து பிடித்தது என்று பொருள். இறங்காவிட்டாலோ ஏறினாலோ மீண்டும் விசாரிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் அன்று பார்த்த டாக்டர் அதற்குள் மாறியிருப்பார், சீட்டு தொலைந்திருக்கும். மாஹிம் கிழக்குச் சந்தில் பலகை மாட்டியிருப்பவர் அப்போதும் அங்கேதான் இருப்பார். மனைவியின் இருமலுக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் அந்தக் குடும்பம் அவரிடம்தான் வரும். முதல் நாள் வந்த எண்ணை அவர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் போதும்.